ஓடும் டிஸ்கை நிறுத்தாமல் பேக்கப் எடுப்பது: ஸ்னாப்ஷாட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடையின் பில்லிங் சர்வரை இரவில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். கடை அடைக்கவே நள்ளிரவாகிறது, அதன்பிறகும் ஆன்லைன் ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது. டியூஷன் நிலையம், கணக்காய்வு அலுவலகம், சரக்குக் கிடங்கு எல்லாவற்றிலும் இதே கதைதான். சர்வரை நிறுத்தாமல் பேக்கப் எடுக்கவே ஸ்னாப்ஷாட். கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் லினக்ஸில் டிஸ்க் இடத்தை ‘வால்யூம்’ என்னும் பகுதிகளாகப் பிரித்துக் கையாளும் எல்விஎம்மை வைத்து எழுதப்பட்டவை. கிளவுட், விண்டோஸ், நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) ஆகியவை மாறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கை அப்படியே காப்பி எடுத்தால் என்ன கெட்டுவிடும்?

நொடிக்கு 110 எம்பி வேகத்தில் 200 ஜிபி காப்பியாக அரை மணி நேரம் பிடிக்கும். பில் ஃபைல் 2:05 மணிக்குக் காப்பியாகிறது, இருப்புக் கணக்கு ஃபைல் 2:25க்கு. இடையில் போட்ட பத்து பில்லுக்கும் சரக்கு குறைந்திருக்கும். பில் மட்டும் பேக்கப்பில் இருக்காது. டேட்டாபேஸ் ஒரே பெரிய ஃபைலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். முதல் பாதி பழைய நிலையிலும் பின்பாதி புதிய நிலையிலும் இருக்கும். அப்படிப்பட்ட ஃபைலை டேட்டாபேஸ் திறக்கவே மறுக்கலாம். திறந்துவிட்டு, பிழையைப் பல நாள் கழித்துக் காட்டினால் அதைவிடத் தொல்லை.

ஸ்னாப்ஷாட் எடுத்தால் 200 ஜிபியும் நொடியில் காப்பியாகிவிடுகிறதா?

ஒரு பைட்கூடக் காப்பியாவதில்லை. அதனால்தான் அது நொடியில் முடிகிறது.

எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்ததும், “இந்த நிமிடத்தில் இருந்தது இருந்தபடி” என்று ஒரு கோடு போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. பிறகு டேட்டாபேஸ், வால்யூமைப் பிரித்திருக்கும் சிறு துண்டுகளில் 5000ஆவதில் புதிதாக எதையோ எழுத வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்விஎம் அந்த எழுத்தை ஒரு கணம் நிறுத்தி, 5000இல் உள்ள பழைய விவரத்தைப் படித்து, ஸ்னாப்ஷாட்டுக்கென ஒதுக்கிய இடத்தில் போட்டுவிட்டு, அதன்பிறகே புதியதை எழுத விடுகிறது. ஸ்னாப்ஷாட் வழியாக 5000ஐப் படிப்பவருக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து பழையது கிடைக்கும். யாரும் தொடாத 5001ஐப் படித்தால், அது மூல வால்யூமிலிருந்தே (ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட்ட வால்யூம்) வரும். ஒரு துண்டு வழக்கமாக 4 கேபி. அதே துண்டில் மறுபடி நூறு முறை எழுதினாலும் பழையது ஒரு முறைதான் நகரும்.

அப்படியானால் ஸ்னாப்ஷாட்டே பேக்கப்தானே?

இல்லை. 5001ஆம் துண்டு இன்னும் மூல டிஸ்கில்தான் இருக்கிறது என்று மேலே பார்த்தோமே, அந்த டிஸ்க் செத்தால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போய்விடும். ஸ்னாப்ஷாட் என்பது ஆடாமல் நிற்கும் ஒரு பிம்பம். அதிலிருந்து நிதானமாக வேறொரு இடத்துக்குக் காப்பி எடுத்த பிறகுதான் அது பேக்கப். காப்பி முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிட வேண்டும்.

எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்?

வால்யூமின் அளவில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்றெல்லாம் பலரும் சொல்வார்கள். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். பேக்கப் ஓடும் நேரத்தில் எத்தனை ஜிபி மாறுகிறது என்பதுதான் கேள்வி. வால்யூம் 50 ஜிபியா 5 டிபியா என்பது இதில் பொருட்டே இல்லை.

அளந்து பாருங்கள். வழக்கமான பேக்கப் நேரத்தில் தாராளமாக 20 ஜிபி ஒதுக்கி ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘எல்விஎஸ்’ கட்டளையில் டேட்டா சதவீதம் என்ற பத்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 15 சதவீதம் ஏறினால் மாற்றம் மணிக்கு 3 ஜிபி. காப்பி இரண்டு மணி நேரம் ஓடும் என்றால் 6 ஜிபி. அதை இரட்டிப்பாக்கி 12 ஜிபி வையுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரம், மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் இரவு ஆகியவற்றைத் தனியே அளக்க வேண்டும்; சாதாரண செவ்வாய்க்கிழமை அளவு அப்போது போதாது.

இந்த இடம் வால்யூம் குரூப்பில் (வால்யூம்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மொத்த டிஸ்க் இடம்) காலியாக இருக்க வேண்டும், ஃபைல் சிஸ்டத்துக்குள் அல்ல. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். சர்வர் நிறுவும்போதே டிஸ்க் முழுவதையும் ஒரே வால்யூமுக்குக் கொடுத்துவிட்டால், ஃபைல் சிஸ்டத்தில் 100 ஜிபி காலியாக இருந்தும் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. ‘விஜிஎஸ்’ கட்டளையில் காலி இடம் பூஜ்யம் என்று காட்டும். ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 வகை என்றால் அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி) சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் நடப்பில் சுருக்க வழியில்லை. இன்னொரு டிஸ்கைச் சேர்த்துக் குரூப்பைப் பெரிதாக்குவதே சுலபம்.

படிப்படியாக எப்படிச் செய்வது?

முதலில், நேற்றைய ஸ்னாப்ஷாட் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேற்றைய வேலை பாதியில் நின்றிருக்கிறது. காரணத்தைப் பார்க்காமல் மேலே போக வேண்டாம்.

டேட்டாபேஸ் இருந்தால் அதைத் தயார்ப்படுத்துங்கள் (கீழே தனிக் கேள்வி). பிறகு ‘எல்விகிரியேட்’ கட்டளையில் ஸ்னாப்ஷாட் என்ற விருப்பத்தோடு அளவு, பெயர், மூல வால்யூம் மூன்றையும் கொடுங்கள். பெயரில் தேதியும் இருக்கட்டும். மூல வால்யூமின் ஃபைல் சிஸ்டத்தை எல்விஎம் தானே கணநேரம் உறையவைத்து, நினைவகத்தில் நிற்கும் எழுத்துகளை டிஸ்கில் இறக்கிவிட்டுத்தான் கோடு போடுகிறது. அதனால் இங்கே உறையவைக்கும் ‘எஃப்எஸ்ஃப்ரீஸ்’ கட்டளை தனியாகத் தேவையில்லை.

அடுத்து ஸ்னாப்ஷாட்டைப் படிக்க மட்டும் என்ற முறையில் ஒரு காலி அடைவில் (ஃபோல்டரில்) மவுண்ட் செய்யுங்கள், அதாவது அங்கே திறந்து படிக்கும்படி இணையுங்கள். மவுண்ட் ஆனதா என்பதை ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளையால் கட்டாயம் சோதியுங்கள். இந்த ஒரு வரி ஸ்கிரிப்டில் இல்லாததால் நடக்கும் விபத்து கொடூரமானது: மவுண்ட் தோற்றுப்போகிறது, அடைவு காலியாக இருக்கிறது, மூலத்தில் இல்லாததை நீக்கும் விருப்பத்தோடு ஓடும் ‘ஆர்சிங்க்’ என்னும் காப்பிக் கருவி அந்தக் காலி அடைவைப் பார்த்து, பேக்கப் சர்வரில் உள்ள அத்தனையையும் அழித்து “ஒத்திசைத்து”விடுகிறது.

சரியாக மவுண்ட் ஆனபின் ‘ஆர்சிங்க்’, ‘ரெஸ்டிக்’, ‘போர்க்’ எதில் வேண்டுமானாலும் காப்பி எடுங்கள். முடிவு எண்ணைப் பாருங்கள். ‘ஆர்சிங்க்’ 24 என்று முடிந்தால், படிக்கும்போதே சில ஃபைல்கள் காணாமல் போயின என்று பொருள். ஸ்னாப்ஷாட்டில் அது நடக்கவே கூடாது. 24 வந்தால் நீங்கள் தவறுதலாக மூல வால்யூமையே காப்பி எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முடிந்ததும் அன்மவுண்ட், பிறகு ‘எல்விரிமூவ்’. ஸ்கிரிப்ட் நடுவில் செத்தாலும் இந்த இரண்டும் நடக்கும்படி ஷெல்லின் ‘ட்ராப்’ வசதியில் எழுதி வையுங்கள்.

ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால்?

மூல வால்யூமுக்கு ஒன்றும் ஆகாது. கடை ஓடும். ஆனால் ஸ்னாப்ஷாட் அந்தக் கணமே செல்லாததாகிவிடும். பாதிக் காப்பியில் இருந்த பேக்கப் உள்ளீட்டுப் பிழை என்று கத்தத் தொடங்கும். பிறகு பெரிதாக்கினாலும் உயிர் வராது. நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தடுக்க வழி உண்டு. எல்விஎம் அமைப்பு ஃபைலில் ஸ்னாப்ஷாட் தானாக நீளும் எல்லை 100 என்று இருக்கும். 100 என்றால் அந்த வசதி அணைந்திருக்கிறது என்று பொருள். அதை 70 ஆக்கினால், 70 சதவீதம் நிரம்பியதும் இப்போதைய அளவில் 20 சதவீதம் கூடும். கண்காணிக்கும் ‘டிஎம்ஈவென்ட்டி’ சேவை ஓட வேண்டும், குரூப்பில் காலி இடமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அமைப்பை மாற்றிப் பயனில்லை.

டேட்டாபேஸ் ஓடும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்டை நம்பலாமா?

திடீரென மின்சாரம் போய்த் திரும்பி வந்த சர்வர் எந்த நிலையில் இருக்குமோ, அந்த நிலையில்தான் ஸ்னாப்ஷாட்டும் இருக்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி வகை டேபிள்கள், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இரண்டும் அப்படிப்பட்ட நிலையிலிருந்து தாமே எழுந்துகொள்ளும்படி கட்டப்பட்டவை. ஒரே நிபந்தனை: டேட்டா ஃபைல்களும் லாக் ஃபைல்களும் (மாற்றங்களை முதலில் பதியும் குறிப்பு ஃபைல்கள்) ஒரே வால்யூமில், ஒரே ஸ்னாப்ஷாட்டில் இருக்க வேண்டும். வேகத்துக்காக லாக்கைத் தனி எஸ்எஸ்டியில் வைத்திருந்தால் இரண்டு ஸ்னாப்ஷாட் எடுப்பீர்கள். இடையில் அரை நொடி வித்தியாசம் வந்தாலும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது.

மைஎஸ்கியூஎல்லில், அப்படித் தாமே எழுந்துகொள்ளாத பழைய மைஐசாம் வகை டேபிள்கள் மிச்சம் இருந்தால் பூட்டுப் போடாமல் எடுக்காதீர்கள். எல்லா டேபிளையும் படிக்க மட்டும் என்று பூட்டும் கட்டளை இருக்கிறது. அதில் இரண்டு பொறி. முதலாவது, பூட்டு அந்த இணைப்பு திறந்திருக்கும்வரைதான். ஸ்கிரிப்டில் ஒரு வரியில் பூட்டி, அடுத்த வரியில் ஸ்னாப்ஷாட் எடுத்தால், முதல் வரி முடிந்ததுமே பூட்டு திறந்திருக்கும். பூட்டிய அதே மைஎஸ்கியூஎல் அமர்வுக்குள்ளிருந்தே ‘சிஸ்டம்’ கட்டளை வழியாக ‘எல்விகிரியேட்’டைக் கூப்பிடுங்கள். இரண்டாவது, யாரோ ஒருவர் 20 நிமிட அறிக்கை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தால் பூட்டு அது முடியக் காத்திருக்கும், அதற்குப் பின்னால் எல்லா எழுத்தும் வரிசையில் நிற்கும். பேக்கப்பால் கடை நின்றது என்று புகார் வருவது இதனால்தான். பூட்டும் முன் நீண்ட வினவல் எதுவும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

போஸ்ட்கிரெஸ் பல வால்யூம்களில் பரவியிருந்தால் பேக்கப் தொடக்கக் கட்டளை, முடிவுக் கட்டளை இரண்டுக்கும் நடுவில் ஸ்னாப்ஷாட்களை எடுங்கள். லாக் காப்பகமும் இயங்க வேண்டும். இந்தக் கட்டளைகளின் பெயர் 15ஆம் பதிப்பில் மாறியது. அதற்கு முன் எழுதிய ஸ்கிரிப்டுகள் புதிய பதிப்பில் வேலை செய்யாது. முடிவுக் கட்டளை திருப்பித் தரும் லேபிள் உரையைப் பேக்கப்போடு சேமிக்கவும் மறக்க வேண்டாம்.

ஸ்னாப்ஷாட் எடுத்தாயிற்று, மவுண்ட் ஆக மறுக்கிறதே?

எக்ஸ்எஃப்எஸ் என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மூல வால்யூமுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், ஏற்கெனவே மவுண்ட் ஆன ஒன்றை மறுபடி கேட்கிறீர்கள் என்று கெர்னல் மறுக்கிறது. மவுண்ட் கட்டளையில் ‘நோயூயூஐடி’ சேர்த்தால் சரியாகும். தின் வகை (பொது இடத்திலிருந்து தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும்) ஸ்னாப்ஷாட் என்றால், அது தானாகச் செயல்படாதபடி ஒரு குறி போட்டிருக்கும். ‘எல்விசேஞ்ச்’ கட்டளையில் அந்தக் குறியைப் பொருட்படுத்தாதே என்னும் பெரிய ‘கே’ விருப்பத்தைக் கொடுத்துச் செயல்படுத்துங்கள்.

பேக்கப் ஓடும்போது சர்வர் மந்தமாகிறது. ஏன்?

ஒரு துண்டில் முதல் முறை எழுதும்போது ஒரு எழுத்துக்குப் பதில் ஒரு படிப்பும் இரண்டு எழுத்தும் நடக்கின்றன. சுழலும் டிஸ்கில் இது நன்றாகவே உறைக்கும். ஒரே வால்யூமுக்கு மூன்று ஸ்னாப்ஷாட் வைத்திருந்தால் மூன்றுக்கும் தனித்தனியே பழையது நகர வேண்டும். ஆகவே ஒரே ஒரு ஸ்னாப்ஷாட், அதுவும் காப்பி முடியும்வரை மட்டும்.

நாள்கணக்கில் பல ஸ்னாப்ஷாட் வேண்டும் என்றால் தின் பூல் அல்லது இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்னும் ஃபைல் சிஸ்டங்கள் பக்கம் போங்கள். இசட்எஃப்எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸும் புதியதை எப்போதுமே வேறு இடத்தில்தான் எழுதும். தின் பூல், பகிர்ந்திருக்கும் பழைய துண்டை அப்படியே விட்டுவிட்டுப் புதிய இடம் ஒதுக்கும். அதனால் ஸ்னாப்ஷாட் எண்ணிக்கைக்கு ஏற்ப வேலை பெருகாது. ஆனால் தின் பூல் நிரம்பினால் அடிபடுவது ஸ்னாப்ஷாட் மட்டுமல்ல, அந்தப் பூலில் உள்ள எல்லா வால்யூமும்தான். எழுத்துகள் 60 நொடி காத்திருந்துவிட்டுப் பிழையாகத் திரும்பும். மெட்டாடேட்டா (எந்தத் துண்டு எங்கே என்ற குறிப்பு) இடமும் தனியே நிரம்பும், அதையும் சேர்த்துக் கண்காணியுங்கள்.

ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) சிங்கப்பூரில் உள்ள சர்வருக்கு?

2010 முதல் இங்கே இயங்கும் ரீஜியன் (டேட்டா சென்டர் வட்டாரம்) அது. அதன் ஈபிஎஸ் (கிளவுட் டிஸ்க்) ஸ்னாப்ஷாட் வேறு சாதி: டிஸ்கிலிருந்து விலகித் தனி சேமிப்புக்குப் போகிறது, அதனால் வால்யூம் செத்தாலும் பிழைக்கும். முதலாவதில் எழுதப்பட்ட துண்டுகள் அனைத்தும், அடுத்தடுத்தவற்றில் மாறியவை மட்டும். நடுவில் உள்ள ஒன்றை நீக்கினால் பிறவற்றுக்குத் தேவையான துண்டுகள் போகாது, பயப்பட வேண்டாம்.

எல்விஎம் போல இது ஃபைல் சிஸ்டத்தை உறையவைப்பதில்லை. கட்டளை வந்தபோது டிஸ்கை எட்டியது மட்டுமே உள்ளே போகும். எனவே ‘எஃப்எஸ்ஃப்ரீஸ்’ போட்டு, ஸ்னாப்ஷாட் கேட்டு, உடனே உறைவை எடுத்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட் எண் கைக்கு வந்ததுமே கோடு விழுந்துவிட்டது. நிலை “நிலுவையில்” என்று இருப்பது பின்னணியில் நகர்வதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். முடியும்வரை உறையவைத்துச் சர்வரை நாற்பது நிமிடம் தொங்கவிடுவது வீண். ஸ்கிரிப்டின் லாக் ஃபைலை உறைந்த அதே வால்யூமில் எழுதாதீர்கள். எழுத முடியாமல் ஸ்கிரிப்ட் நிற்கும், உறைவை எடுக்க ஆளிருக்காது. இயங்குதளம் இருக்கும் ரூட் வால்யூமை உறையவைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

பல வால்யூம்கள் சேர்ந்த சர்வர் என்றால், ஒரே இன்ஸ்டன்ஸின் (கிளவுட் சர்வரின்) எல்லா வால்யூமையும் ஒரே கணத்தில் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். மீட்டெடுத்த வால்யூம் முதலில் ஆமை வேகத்தில் இருக்கும். ஒவ்வொரு துண்டும் முதல் முறை படிக்கும்போதுதான் சேமிப்பிலிருந்து வருகிறது.

இரவு 2 மணிக்குப் போட்ட வேலை காலை 10 மணிக்கு ஓடுகிறதே?

கிளவுட் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும். சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால். இங்கே அதிகாலை 2 மணி என்றால் அங்கே முந்தைய நாள் 18:00. இங்கே கோடைக்கால நேரமாற்றம் கிடையாது, ஒரு முறை சரி செய்தால் போதும். ஸ்னாப்ஷாட் பெயரில் உள்ள தேதி ஒரு நாள் பின்தங்கித் தெரிவதற்கும் இதுவே காரணம்.

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேரில் மூன்று மாத ஸ்னாப்ஷாட் இருக்கிறது. விட்டு வைக்கலாமா?

கூடாது. ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகான எல்லா எழுத்தும் தனி டெல்டா ஃபைலில் சேர்கிறது, அது மூல டிஸ்க் அளவுக்கே வளரக்கூடும். 72 மணி நேரத்துக்கு மேல் ஒன்றை வைக்க வேண்டாம் என்பதே தயாரிப்பாளரின் அறிவுரை. சங்கிலியில் 32 வரை இடமுண்டு என்றாலும் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். பழையதை நீக்கும்போது டெல்டா முழுவதும் மூல டிஸ்கில் கலக்க வேண்டும். டேட்டாஸ்டோரில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, வேலை குறைந்த ஞாயிறு இரவில் செய்யுங்கள்.

விண்டோஸ் சர்வரில்?

வால்யூம் ஷேடோ காப்பி சேவை இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வர் போன்ற மென்பொருள்களின் ‘ரைட்டர்’ பகுதியிடம் சொல்லி, டேட்டாவைச் சீராக்கிவிட்டுத்தான் அது எடுக்கும். பேக்கப் தோற்றால் முதலில் ‘விஎஸ்எஸ்அட்மின்’ கட்டளையில் ரைட்டர்கள் பட்டியலைப் பாருங்கள். பிழை காட்டும் ரைட்டருக்குரிய சேவையை மறுதொடக்கம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிணைத்தொகை கேட்கும் வைரஸ்கள் ஷேடோ காப்பிகளை நீக்குவதையே முதல் வேலையாக வைத்திருக்கின்றன. அவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நாஸில் 300 ஜிபி அழித்தும் இடம் கூடவில்லையே?

ஸ்னாப்ஷாட்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த ஃபைல்களைப் பார்த்த கடைசி ஸ்னாப்ஷாட் போகும்வரை இடம் திரும்பாது. நடுவில் உள்ள நான்கை நீக்கியும் ஒரு ஜிபிகூடக் கூடவில்லை என்றால் ஐந்தாவதும் அதே ஃபைல்களைப் பிடித்திருக்கிறது. சினாலஜி நாஸின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2 முதல், குறித்த நாள்வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாத ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். நல்ல வசதிதான், ஆனால் இடம் நிரம்பும்போது நீங்களும் அழிக்க முடியாது.

வாடிக்கையாளர் விவரங்கள் ஸ்னாப்ஷாட்டில் இருந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டத் தேவையோ வணிகத் தேவையோ தீர்ந்த தகவலை வைத்திருக்கக் கூடாது. டேட்டாபேஸில் நீக்கிய மாணவரின் பெயரும் பெற்றோர் தொலைபேசி எண்ணும் மூன்றாண்டு பழைய ஸ்னாப்ஷாட்டில் அப்படியே இருக்கும். வரிக் கணக்குப் பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உண்மை. அதற்கு முழு டிஸ்க் ஸ்னாப்ஷாட் தேவையில்லை, கணக்கு டேட்டாவை மட்டும் தனியே எடுத்து வைக்கலாம். ஸ்னாப்ஷாட்டுக்கு 30 நாள் அல்லது 90 நாள் என்று வரம்பு வைத்து, தானாக நீங்கும்படி செய்யுங்கள்.

ஸ்னாப்ஷாட்டை வெளிநாட்டு ரீஜியனுக்கு அனுப்பினால், அங்கும் இங்குள்ளதற்கு ஈடான பாதுகாப்பு இருப்பதை உறுதி செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. கிளவுட் ஸ்னாப்ஷாட்டைத் தவறுதலாகப் பொதுவில் பகிர்ந்துவிட்டால் அது தகவல் கசிவு. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சம்பந்தப்பட்டிருந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும்.

பேக்கப் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“வெற்றி” என்று வந்த மின்னஞ்சலை வைத்துத் தெரியாது. மாதம் ஒரு முறை, இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு மெய்நிகர் கணினியில் பேக்கப்பை இறக்கி டேட்டாபேஸை எழுப்புங்கள். லாக்கில் மீட்பு முடிந்தது என்ற வரி வர வேண்டும். பிறகு கடைசிப் பில்லின் எண்ணையும் நேரத்தையும் பாருங்கள்: ஸ்னாப்ஷாட் 2:00 மணிக்கு என்றால் 1:58 பில் இருக்க வேண்டும், 2:03 பில் இருக்கக் கூடாது. 2:03 பில்லும் இருந்தால் காப்பி மூல வால்யூமிலிருந்து போயிருக்கிறது. அன்றைய மொத்த விற்பனையைக் கடையின் நாள்முடிவு அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

இறக்கத் தொடங்கியதிலிருந்து பில் திரை தெரியும்வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் குறித்து வையுங்கள். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் 1 டிபி நகர மட்டுமே இரண்டரை மணி நேரம் ஆகும். “எப்போது கடை திறக்கலாம்?” என்று முதலாளி கேட்கும்போது சொல்ல வேண்டிய எண் அதுதான்.